நசிவு இலக்கியம், நசிவுக் கலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் பாரிசிலும் லண்டனிலும் தழைத்த ஒரு கலைப்போக்கை டெகடன்ஸ் என்பார்கள். தமிழ் விமர்சனத்தில் அதற்கு நசிவு என்று பெயர். பெயரைக் கேட்டதுமே முகம் சுளிப்பவர்களும் உண்டு, காரணம் தெரியாமல் கிளர்ச்சி அடைபவர்களும் உண்டு. இரு தரப்பும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். நடுநிலையான பதில்கள் என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் வெளியே தெரியத்தான் செய்யும்.

நசிவு என்றால் தரம் கெட்டுப்போன கலை என்றுதானே பொருள்?

வசையாகச் சொல்பவர்களுக்கு அப்படித்தான். இலக்கிய வரலாற்றில் அது ஒரு பாணியின் பெயர். இயற்கையைவிடச் செயற்கையை மேலாகக் கருதுவது, ஆரோக்கியத்தைவிட நோயில் கூர்ந்து பார்க்க அதிகம் இருக்கிறது என்று நம்புவது, கலைக்கு நீதி போதிக்கும் வேலை இல்லை என்று துணிவது, பெரிய கட்டமைப்பைவிடச் சிறு நுணுக்கத்தில் மனம் தோய்வது ஆகியவை அதன் குணங்கள். சலிப்பும் சோர்வும் அழிவும் அதன் பேசுபொருள்கள்.

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். சோர்வைப் பற்றி எழுதினால் எழுத்தும் சோர்ந்துதான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தப் போக்கின் நல்ல படைப்புகளை எடுத்துப் பாருங்கள்: ஒரு பெயரடைக்காக அகராதியைக் குடைந்தவர்கள், ஒரு கோட்டின் வளைவுக்காக இரவைச் செலவழித்தவர்கள் தெரிவார்கள். அவர்கள் வரைந்து காட்டிய உலகம் உதிர்ந்துகொண்டிருந்தது, கைத்திறன் உதிரவில்லை.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

ரோமிலிருந்து. ரோமானியரின் பெருமைக்கும் வீழ்ச்சிக்குமான காரணங்களை ஆராய்ந்து மொந்தெஸ்கியூ 1734-இல் ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்பிலேயே 'தெகாதான்ஸ்' என்ற சொல் இருக்கிறது. அங்கே அது அரசியல் சொல். அதை இலக்கியத்தின் மேல் திருப்பியவர் தெசிரே நிசார் என்ற விமர்சகர். பிற்கால லத்தீன் கவிஞர்களைப் பற்றி அவர் 1834-இல் எழுதிய நூலில், விவரணை வளர்ந்து பொருளை விழுங்கிவிட்டது, கவிதையில் உணர்ச்சிக்குப் பதில் புலமைக் காட்சி நிற்கிறது என்று குறைபட்டுக்கொண்டார். வைதது ரோமானியரை, குறி வைத்தது தம் காலத்து ரொமாண்டிக் கவிஞர்களை, முக்கியமாக விக்தோர் யூகோவை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நசிவுக் காலத்தவர் என்று முத்திரை குத்தப்பட்ட லூக்கனும் பெத்ரோனியுசும் நீரோ மன்னனின் காலத்தவர்கள், அதாவது கி.பி. முதலாம் நூற்றாண்டு. மேற்கு ரோமப் பேரரசு விழுந்தது 476-இல். நானூறு ஆண்டுகளுக்குப் பின் நடக்கப்போகும் வீழ்ச்சிக்கு இந்த எழுத்தாளர்களைப் பொறுப்பாக்குவது எந்த வகை நியாயம்? ரோம் பெத்ரோனியுசைப் படித்து விழவில்லை. விழுந்த பிறகு திரும்பிப் பார்த்தவர்கள், விழப்போவதன் அறிகுறியாக அவரை வாசித்தார்கள். நசிவு பற்றிய பேச்சில் பாதிக்கு மேல் இந்தக் கோளாறு இருக்கிறது.

வசைச்சொல்லை இவர்களே பட்டமாகச் சூட்டிக்கொண்டது ஏன்?

எதிரி எறிந்த கல்லை எடுத்து வீட்டுக்கு அடித்தளம் போட்ட கதை இது. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவைப் பற்றி 1857-இல் எழுதிய கட்டுரையை, 'நசிவு இலக்கியம்!' என்று பண்டிதர்கள் முழங்கும் குரலைக் கேலி செய்தே பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் தொடங்கினார். போதலேர் இறந்த மறு ஆண்டு, 1868-இல், அவருடைய 'தீமையின் மலர்கள்' கவிதைத் தொகுப்பின் புதிய பதிப்புக்குக் கவிஞர் தெயோஃபில் கோத்தியே முன்னுரை எழுதினார். நசிவு நடை என்பது முதிர்ந்து கனிந்துபோன நாகரிகங்களின் நடை, எல்லா அகராதிகளிலிருந்தும் எல்லாத் தொழில்களிலிருந்தும் சொல்லைக் கடன் வாங்கும் நடை, சொல்லில் அடங்காததைச் சொல்லிவிடத் துடிக்கும் நடை என்று அவர் அதற்கு விளக்கமே கொடுத்துவிட்டார். 1883-இல் கவிஞர் வெர்லேன், நசிவின் இறுதியில் நிற்கும் பேரரசு நான் என்று ஒரு சானெட்டை, அதாவது பதினான்கு வரிக் கவிதையை, தொடங்கினார். அந்த ஒரு வரி தலைமுறைக்கே அடையாள வாசகம் ஆயிற்று.

அதன் பிறகு நடந்தவை பாதி நாடகம். 1885-இல் இரண்டு குறும்புக்காரர்கள், கப்ரியேல் விக்கேரும் ஆன்றி போக்லேரும், ஆதோரே ஃப்ளுப்பெத் என்ற பொய்ப்பெயரில் இந்தக் கவிஞர்களைப் பகடி செய்து ஒரு சிறு தொகுப்பு வெளியிட்டார்கள். பகடி என்று தெரியாமல் பத்திரிகைகள் அதை உண்மையான புதுக்கவிதையாக எடுத்துக்கொண்டு விவாதித்தன. கவிஞர்களுக்குக் கிடைக்காத விளம்பரம் கேலி செய்தவர்களால் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அனத்தோல் பாஜு என்ற பள்ளி ஆசிரியர் 'லெ தெகாதான்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். அதில் கவிஞர் ரேம்போ எழுதியதாகப் போலிக் கவிதைகளும் வந்தன. பத்திரிகை 1889-க்கு மேல் ஓடவில்லை.

அந்தக் காலத்து பிரான்சில் அப்படி என்ன நடந்துவிட்டது?

1870-இல் பிரஷ்யாவுடன் போர். மூன்றாம் நெப்போலியன் சிறைப்பட்டான், பாரிஸ் முற்றுகையில் பட்டினி கிடந்தது, 1871-இல் பாரிஸ் கம்யூன் என்ற மக்கள் எழுச்சி அரசு எழுந்து இரத்தத்தில் மூழ்கியது. தோற்ற நாடு காரணம் தேடும் அல்லவா? மருத்துவர்களும் பத்திரிகையாளர்களும் பிறப்பு விகிதம் குறைகிறது, குடி பெருகுகிறது, இனமே தேய்கிறது என்று எழுதிக் குவித்தார்கள். பரம்பரை பரம்பரையாக மனித இனம் சிதைகிறது என்ற கோட்பாட்டை பெனடிக்ட் மொரெல் என்ற மனநோய் மருத்துவர் 1857-இலேயே வெளியிட்டிருந்தார். இளம் எழுத்தாளர்கள் இந்தப் புலம்பலைக் கேட்டு வளர்ந்தவர்கள். தேய்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம், தேய்வதை அழகாகச் செய்யலாமே என்பது அவர்கள் கொடுத்த பதில். அதில் துணிவும் இருந்தது, வீம்பும் இருந்தது.

ஒரு படைப்பை நசிவு என்று எதை வைத்துச் சொல்வது? அபினும் அப்சிந்தும் வந்தால் போதுமா?

போதாது. அப்சிந்த் மதுவைப் பற்றி எழுதியதெல்லாம் நசிவு என்றால் பாரிஸ் காவல் நிலையக் குறிப்பேடுகளையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும்.

இதுவரை சொல்லப்பட்டவற்றில் எனக்கு நம்பகமாகத் தெரியும் வரையறை, பால் புர்ஜே என்ற விமர்சகருடையது. போதலேரைப் பற்றிய கட்டுரையில், 1881-இல், அவர் அதைச் சொன்னார். நசிவு நடையில் புத்தகத்தின் ஒருமை குலைந்து பக்கம் தனித்து நிற்கிறது; பக்கத்தின் ஒருமை குலைந்து வாக்கியம் தனித்து நிற்கிறது; வாக்கியமும் குலைந்து சொல் தனித்து நிற்கிறது. இதை அவர் சமூகத்தோடு பொருத்தினார். உடலின் செல்கள் உடலுக்குக் கட்டுப்படாமல் தம் போக்கில் இயங்கினால் உடல் சிதைவதுபோல, தனிமனிதர்கள் தம் போக்கில் இயங்கினால் சமூகம் சிதைகிறது என்றார். கண்டிக்கிறாரா, ரசிக்கிறாரா என்று கட்டுரையில் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதுதான் அதன் வலிமை என்று நினைக்கிறேன். 1888-இல் இசையமைப்பாளர் வாக்னரைத் தாக்கி எழுதிய தத்துவவாதி நீட்சே இந்தக் கருத்தைப் பெயர் சொல்லாமல் எடுத்து ஏறக்குறைய அப்படியே பயன்படுத்தினார்.

இந்த அளவுகோலின் நன்மை, அது பேசுபொருளை விட்டுவிட்டு எழுத்தைப் பார்க்கிறது. பாவத்தைப் பற்றிய நாவல் கட்டுக்கோப்பான பழைய பாணியில் இருக்கலாம். பூந்தோட்டத்தைப் பற்றிய பத்துப் பக்கம் நசிவின் உச்சமாக இருக்கலாம். பகுதி முழுமையை மீறுகிறதா என்று பாருங்கள். கதை நகர மறுத்து, ஒரு கல்லின் நிறத்தில், ஒரு வாசனையின் பெயரில் நின்றுவிடுகிறதா? நின்ற இடத்தில் அது ஒளிர்கிறதா? இரண்டாவது கேள்விக்கு இல்லை என்றால் அது நசிவு அல்ல, மோசமான எழுத்து.

எல்லாரும் சொல்லும் அந்த ஒரு நாவல் எது?

'அ ரெபூர்'. இயல்பின் போக்குக்கு எதிராக என்பதுபோல ஒரு பொருள் வரும். ஆசிரியர் ஜோரிஸ்-கார்ல் உய்ஸ்மான்ஸ், வெளிவந்த ஆண்டு 1884. கதை என்று கேட்டால் இரண்டு வரியில் முடிந்துவிடும்: தே எஸ்ஸாந்த் என்ற பிரபு, பழைய குடும்பத்தின் கடைசி வாரிசு, பாரிசின் கூட்டத்தைச் சகிக்காமல் புறநகரில் ஒரு வீட்டில் தனியாக வாழ்கிறார், நரம்புகள் கெட்டு, உயிர் பிழைக்க வேண்டுமானால் பாரிசுக்குத் திரும்பு என்று மருத்துவர் கட்டளையிட, திரும்புகிறார். நடுவில் நடப்பதெல்லாம் ரசனை.

ஒரு அத்தியாயத்தில் கம்பளத்தின் நிறங்களை எடுப்பாகக் காட்ட, அதன் மேல் நகர்ந்து செல்லும் ஏதாவது வேண்டும் என்று ஆமை ஒன்றை வாங்குகிறார். நிறம் பொருந்தவில்லை. ஓட்டுக்குப் பொன்முலாம் பூசச் சொல்கிறார். அதுவும் போதாமல் ஜப்பானிய ஓவியத்தில் கண்ட பூங்கொத்தின் வடிவில் அதன் மேல் மணிகளைப் பதிக்கிறார். எந்தக் கல், எந்த இலைக்கு, ஏன் வைரம் வேண்டாம் என்று பக்கம் பக்கமாகத் தேர்வு நடக்கிறது. அந்தச் சுமை தாங்காமல் ஆமை செத்துப்போகிறது. அழகுணர்வு ஒரு உயிரைக் கொன்றுவிட்டது என்று ஆசிரியர் எங்கும் கூவவில்லை. ஆமை அசையவில்லை என்று சொல்லிவிட்டு நகர்கிறார். இந்த நாவலை நசிவின் கொண்டாட்டம் என்று மட்டும் படிப்பவர்கள் இந்த அத்தியாயத்தை மறுபடி படிக்க வேண்டும்.

இன்னொரு இடம் சுத்த நகைச்சுவை. டிக்கன்ஸைப் படித்து லண்டன் ஆசை வருகிறது. பெட்டி கட்டி, மழையில் பாரிஸ் வந்து, வழிகாட்டி நூல் வாங்கி, ரயில் நிலையத்துக்கு அருகே ஆங்கிலேயர் கூடும் உணவகத்தில் மாட்டிறைச்சியும் ஏல் பீரும் சாப்பிடுகிறார். சுற்றிலும் ஆங்கில முகங்கள், வெளியே லண்டன் மழை போலவே மழை. லண்டனை அனுபவித்தாயிற்று, நேரில் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும் என்று முடிவு செய்து, பெட்டிகளோடு வீடு திரும்பிவிடுகிறார். வாயில் ஒவ்வொரு துளியாக மதுவகைகளை ஊற்றி இசைபோல் வாசிக்கும் கருவி, செயற்கைப் பூக்களைப் போலத் தோன்றும் உண்மைப் பூக்களின் சேகரிப்பு, கறுப்பு உணவுகளால் மட்டுமே ஆன இழவு விருந்து என்று இன்னும் நிறைய இருக்கிறது. அவருடைய நூலகத்தில் வெர்ஜிலுக்கும் சிசரோவுக்கும் மரியாதை இல்லை; பெத்ரோனியுசுக்கு இருக்கிறது. நிசாரின் வசைப்பட்டியல் இங்கே நூலக அலமாரியாக மாறிவிட்டது.

வாழ்க்கையை உள்ளபடி ஆவணமாக்க வேண்டும் என்ற இயல்புவாதத்தின் தலைவரான நாவலாசிரியர் எமில் ஸோலா, புத்தகத்தைப் பார்த்து வருந்தினார். இயல்புவாதத்தின் மேல் பலத்த அடி கொடுத்துவிட்டாய் என்று தம் சீடரைக் கடிந்துகொண்டதை உய்ஸ்மான்ஸே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஸோலாவின் பயம் வீணில்லை. ஒவ்வொரு பொருளையும் ஆவணமாக்கும் இயல்புவாதியின் பழக்கத்தை உய்ஸ்மான்ஸ் விடவே இல்லை. புத்தகம் தைக்கும் பட்டறைப் பெண்களை விவரித்த கை, மணிக்கற்களை விவரிக்கத் தொடங்கியது, அவ்வளவுதான்.

ஆசிரியரும் அப்படி ஆடம்பரமாக வாழ்ந்தவரா?

இல்லை. பிரெஞ்சு உள்துறை அமைச்சகத்தில் 32 ஆண்டுகள் எழுத்தராகவும் அதிகாரியாகவும் வேலை பார்த்தவர். தே எஸ்ஸாந்துக்கு முன்மாதிரி என்று சொல்லப்படும் ரொபேர் தெ மொந்தெஸ்கியூ என்ற பிரபுதான் (ரோமைப் பற்றி எழுதியவர் வேறு) அப்படி வாழ்ந்தார்.

இவையெல்லாம் ஆபாசம் என்று தடை செய்யப்பட்டவைதானே?

சில. 1857 ஆகஸ்டில் பாரிஸ் நீதிமன்றம் 'தீமையின் மலர்கள்' தொகுப்பிலிருந்து ஆறு கவிதைகளை நீக்கச் சொல்லி, போதலேருக்கு 300 பிராங்க் அபராதம் விதித்தது. பேரரசிக்கு அவர் விண்ணப்பித்த பிறகு அபராதம் 50 பிராங்க் ஆயிற்று. ஆறு கவிதைகள் மேலிருந்த தீர்ப்பு ரத்தானது 1949-இல்தான். போதலேர் மீது வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞர் எர்னெஸ்ட் பினார், அதே 1857-இல் ஃப்ளொபேரின் 'மதாம் பொவாரி' நாவல் மீதும் வழக்கு நடத்தினார், ஃப்ளொபேர் தப்பிவிட்டார்.

இன்றைய வாசகர் அந்த ஆறு கவிதைகளில் ஆபாசத்தைத் தேடினால் ஏமாந்துபோவார். நீதிமன்றத்தைக் கலக்கியது உடல் வர்ணனையைவிட, பாவத்தைப் பாடிவிட்டு அதற்கு ஒரு நீதியைக் கடைசியில் ஒட்டாமல் விட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஓவியத்தில் நசிவை எப்படி அடையாளம் காண்பது?

இரண்டு ஓவியங்களை அடுத்தடுத்துப் பாருங்கள்.

முதலாவது தொமா கூத்தூர் வரைந்த 'நசிவுக் காலத்து ரோமானியர்கள்'. 1847-ஆம் ஆண்டு கண்காட்சியில் வைக்கப்பட்டது. இப்போது பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ எட்டு மீட்டர் அகலம். குடித்துக் கவிழ்ந்த கூட்டம், சுற்றிலும் கண்டிப்போடு நிற்கும் முன்னோர் சிலைகள், அருவருப்போடு பார்க்கும் இரண்டு அயல்நாட்டவர். கண்காட்சிப் பட்டியலில் ரோமானியக் கவிஞர் ஜுவெனாலின் அடிகளும் இருந்தன: போரைவிடக் கொடிய தீயொழுக்கம் ரோமின் மேல் விழுந்து, ரோம் வென்ற உலகத்துக்காகப் பழிவாங்கியது. பார்த்தவர்கள் அன்றைய பிரெஞ்சு ஆளும் வர்க்கத்தைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொண்டார்கள். அடுத்த பிப்ரவரியில் முடியாட்சி கவிழ்ந்தது. இந்த ஓவியம் நசிவைப் பற்றியது. நசிவு ஓவியம் அல்ல. சமநிலையான அமைப்பு, தெளிவான பாடம், பள்ளியில் கற்பிக்கும் இலக்கணம்.

இரண்டாவது குஸ்தாவ் மொரோவின் 'தோற்றம்'. 1876-இல் காட்சிக்கு வந்த நீர்வண்ணம். ஒளிவட்டத்தோடு யோவான் ஸ்நானகனின் வெட்டுண்ட தலை அந்தரத்தில் மிதக்க, இரத்தம் சொட்ட, அந்தத் தலையைக் கேட்டு வாங்கிய பைபிள் கதைப் பெண் சலோமே கையை நீட்டி அதை எதிர்கொள்கிறாள். பின்னணியில் எந்த ஊரென்று சொல்ல முடியாத ஒரு மண்டபம். நகை, தூண், சிற்பம், துணி எல்லாம் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைகிறது. புர்ஜே வாக்கியத்தைப் பற்றிச் சொன்னது இங்கே தூரிகையில் நடக்கிறது. மொரோவின் இரண்டு சலோமே ஓவியங்களைத் தே எஸ்ஸாந்த் தம் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருப்பார்.

மொரோவைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. 1892 முதல் பாரிஸ் நுண்கலைக் கல்லூரியில் அவர் ஆசிரியர். மாட்டிஸும் ருவோவும் அவருடைய மாணவர்கள். முடிந்துபோன ஒரு மரபின் கடைசி ஆள் என்று எழுதப்பட்டவரின் வகுப்பறையிலிருந்து இருபதாம் நூற்றாண்டு ஓவியம் கிளம்பியது. மரபின் முடிவு எது, தொடக்கம் எது என்று உடன் வாழ்பவர்கள் சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது.

சலோமே ஏன் திரும்பத் திரும்ப வருகிறாள்?

சுவிசேஷத்தில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. ஏரோது மன்னனின் முன் அவன் மனைவி ஏரோதியாளின் மகள் நடனமாடினாள், தாய் சொல்லிக் கொடுத்தபடி யோவானின் தலையைக் கேட்டாள், அவ்வளவே. பெயர் ஜொசீபஸ் என்ற யூத வரலாற்றாசிரியரிடமிருந்து வருகிறது. எழுதப்படாத இடைவெளி பெரிதாக இருந்ததால் ஆளாளுக்கு அதை நிரப்பினார்கள். ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் 1891-இல் பிரெஞ்சு மொழியிலேயே நாடகமாக எழுதினார். அவருடைய சலோமே தாய்க்காகத் தலையைக் கேட்கவில்லை; தனக்காகக் கேட்டு, வெட்டுண்ட தலையின் உதட்டில் முத்தமிடுகிறாள். வேதாகமப் பாத்திரங்களை மேடையேற்றக் கூடாது என்ற பழைய விதியைக் காட்டி 1892-இல் லண்டனில் அனுமதி மறுத்தார்கள். 1896-இல் பாரிசில் முதல்முறை அரங்கேறியபோது வைல்ட் ஓரினச்சேர்க்கை வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இதை ஓபராவாக்கி 1905-இல் டிரெஸ்டனில் மேடையேற்றினார்.

ஆங்கிலப் பதிப்புக்கு 1894-இல் ஆப்ரி பியர்ட்ஸ்லி வரைந்த படங்கள்தான் நாடகத்தைவிட நீண்ட காலம் பேசப்பட்டன. கறுப்பும் வெள்ளையும் மட்டுமே, சாம்பல் நிறம் கிடையாது. மலிவான அச்சுக்கட்டைக்கு ஏற்ற முறை அது. அந்தக் கட்டுப்பாட்டையே அவர் தம் பலமாக்கிக்கொண்டார்: ஒரு பக்கம் முழுக்கக் காலியாக விட்டு, ஒரே ஒரு கோட்டை நெடுக இழுத்து, மூலையில் மட்டும் நகைபோல நுணுக்கங்களைக் குவிப்பார். காசநோயில் 1898-இல் இறந்தபோது அவருக்கு வயது 25.

இந்த சலோமேக்களில் எனக்கு உறுத்தும் ஒரு பக்கமும் உண்டு. பெண் என்றால் ஆணை அழிக்கும் அழகு என்ற பயம் இந்தப் போக்கு முழுவதும் ஓடுகிறது. கிழக்கு என்றால் கொடுமையும் வாசனைத் திரவியமும் என்ற எண்ணமும் கூடவே ஓடுகிறது. அழகாக வரையப்பட்டிருப்பதால் அது பயமும் சோம்பேறித்தனமான கற்பனையும் இல்லாமல் போய்விடாது.

பெண்கள் யாரும் எழுதவில்லையா?

எழுதினார்கள். ரஷீல்த் என்ற புனைபெயரில் எழுதிய மார்கரித் எய்மெரியை முதலில் சொல்ல வேண்டும். 'அ ரெபூர்' வந்த அதே 1884-இல் அவருடைய 'மிஸ்யே வேனுஸ்' பிரசல்ஸில் வெளியானது. ராவுல் என்ற உயர்குடிப் பெண், செயற்கைப் பூக்கள் செய்யும் ஏழை இளைஞன் ஒருவனைத் தன் ஆசைநாயகியைப்போல வைத்துக்கொள்கிறாள். கடைசியில் அவன் இறந்த பின் அவனுடைய முடி, பல், நகம் பதித்த மெழுகுப் பொம்மைதான் அவளிடம் மிஞ்சுகிறது. பெல்ஜிய நீதிமன்றம் ஆசிரியருக்கு இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. அவர் பிரான்சை விட்டுப் போகாததால் தப்பினார். ஆண்கள் சலோமேயைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், இந்த இருபத்து நான்கு வயதுப் பெண் பாத்திரங்களை இடம் மாற்றிப் போட்டு வேடிக்கை பார்த்தார்.

குறியீட்டியம் (சிம்பாலிசம்) இதிலிருந்து வேறுபட்டதா?

ஆட்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். 1886 செப்டம்பரில் ழான் மொரெயாஸ் 'லெ ஃபிகாரோ'வில் குறியீட்டிய அறிக்கையை வெளியிட்டு, மரியாதையான பெயரைக் கொண்டுவந்தார். ஆங்கிலத்திலும் அப்படியே நடந்தது: 1893-இல் நசிவு இயக்கம் என்ற தலைப்பில் கட்டுரை எழுதிய ஆர்தர் சைமன்ஸ், 1899-இல் குறியீட்டிய இயக்கம் என்ற தலைப்பில் நூல் வெளியிட்டார். இடையில், 1895-இல், வைல்டைச் சிறைக்கு அனுப்பிய வழக்கு நடந்திருந்தது என்பதை மறக்க வேண்டாம். சைமன்ஸின் இந்த நூலைப் படித்துத்தான் மாணவராக இருந்த டி.எஸ். எலியட், லாஃபோர்க் என்ற பிரெஞ்சுக் கவிஞரைக் கண்டுபிடித்தார்.

மஞ்சள் நிறத்துக்கும் இந்தப் போக்குக்கும் என்ன தொடர்பு?

துணிச்சலான பிரெஞ்சு நாவல்கள் மஞ்சள் அட்டையில் விற்கப்பட்டன. வைல்டின் 'டோரியன் கிரே' நாவலில் நாயகனைக் கெடுக்கும் புத்தகமும் மஞ்சள்தான். 1894-இல் லண்டனில் 'தி யெல்லோ புக்' என்ற காலாண்டிதழ் தொடங்கியது. பியர்ட்ஸ்லி அதன் கலை ஆசிரியர். வைல்ட் அதில் ஒரு வரிகூட எழுதியதில்லை. ஆனால் 1895 ஏப்ரல் 5-ஆம் தேதி அவர் கைதானபோது கக்கத்தில் ஒரு மஞ்சள் புத்தகம் இருந்ததாகச் செய்தி வந்தது. கூட்டம் போய் அந்த இதழின் பதிப்பகத்தில் கண்ணாடிகளை உடைத்தது. பியர்ட்ஸ்லி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மே மாதம் வைல்டுக்கு இரண்டு ஆண்டு கடுங்காவல். ஆங்கில நசிவு இயக்கம் ஏறக்குறைய அந்த வசந்தத்தோடு ஒடுங்கிவிட்டது.

நாஜிகள் கண்டித்ததும் இதைத்தானா?

நேரடியாக இதை அல்ல. வசையின் வம்சாவளி ஒன்று. மாக்ஸ் நோர்டாவ் என்ற மருத்துவர் 1892-93-இல் 'சிதைவு' என்ற பெயரில் இரண்டு தொகுதிகள் எழுதினார். குற்றவாளிகளைத் தலையின் வடிவத்தை வைத்து ஆராய்ந்த லொம்புரோசோவுக்கு அதைக் காணிக்கையாக்கினார். வைல்ட், வெர்லேன் மட்டுமல்ல, இப்சன், டால்ஸ்டாய், வாக்னர், ஸோலா எல்லாருமே அவருக்கு நோயாளிகள். நோர்டாவ் யூதர், பின்னாளில் ஹெர்ட்ஸலோடு சேர்ந்து, யூதர்களுக்குத் தாயகம் கேட்ட சியோனிய இயக்கத்தைக் கட்டியவர். அவர் புழக்கத்தில் விட்ட அதே சொல்லைத் தலைப்பாக வைத்து, 1937 ஜூலையில் மியூனிக்கில் நாஜிகள் 'சிதைந்த கலை' கண்காட்சியைத் திறந்தார்கள். சுமார் 650 படைப்புகளை இழிவுபடுத்தும் வாசகங்களோடு மாட்டினார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அவர்கள் ஏற்றுக்கொண்ட கலைக்காக அதே நேரத்தில் அதே ஊரில் நடந்த கண்காட்சிக்கு அவ்வளவு கூட்டம் இல்லை.

சோவியத் பக்கமும் இந்தச் சொல் சும்மா இருக்கவில்லை. 1934 எழுத்தாளர் மாநாட்டில் முதலாளித்துவ இலக்கியத்தின் நசிவைப் பற்றிக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷ்தானவ் முழங்கினார். 1946-இல் அதே மனிதர் ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவாவைத் தாக்கினார். அக்மதோவா எந்தப் பொன்முலாம் பூசிய ஆமையையும் வளர்த்தவர் அல்லர். துயரத்தைத் தன் குரலில் பாடினார், அது போதுமானதாக இருந்தது.

இந்தியாவில், தமிழில் இதன் தடம் உண்டா?

இந்தியாவில் உறுதியாகக் காட்டக்கூடிய ஒரு தடம் சரோஜினி நாயுடு. 1895 முதல் 1898 வரை, அதாவது வைல்ட் வழக்கு நடந்த காலத்தை ஒட்டி, அவர் இங்கிலாந்தில் மாணவி. ஆர்தர் சைமன்ஸின் நட்பு அங்கே கிடைத்தது. 1905-இல் வெளிவந்த சரோஜினியின் முதல் பெரிய தொகுப்புக்கு முன்னுரை எழுதியவர் சைமன்ஸ்தான். அந்தக் கவிதைகளின் தளுக்கையும் சொல்லின் மினுக்கையும் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எந்தப் பட்டறையில் தீட்டப்பட்டவை என்று தெரிந்தால் அந்தக் குறையைக் கொஞ்சம் வேறுவிதமாகப் பார்க்கலாம்.

தமிழுக்கு இயக்கம் வரவில்லை, வசை வந்தது. அதுவும் பாரிசிலிருந்து வரவில்லை, மாஸ்கோ வழியாக வந்தது. இடதுசாரி விமர்சகர்கள் புதுக்கவிதையின் ஒரு பகுதியை, குறிப்பாகத் தனிமனித விரக்தியைப் பாடியதை, நசிவு இலக்கியம் என்று கண்டித்தார்கள். போதலேரை ஒருமுறைகூடப் படிக்காத கவிஞர்கள் பலருக்கு போதலேரின் குற்றம் சுமத்தப்பட்டது. அந்தக் கண்டனங்களில் சில நியாயமானவை. இரவல் விரக்தி எந்த மொழியிலும் சகிக்காது. ஆனால் விரக்தியைக் கண்டித்தவர்கள் வாக்கியத்தை ஆராய்ந்தது அரிது. புர்ஜேயின் அளவுகோல் கையில் இருந்திருந்தால் விவாதம் வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

இவர்களில் பலர் கடைசியில் தேவாலயத்துக்குப் போனது ஏன்?

வெர்லேன் 1874-இல் சிறையில் இருந்தபோது மதத்துக்குத் திரும்பினார். உய்ஸ்மான்ஸ் 1892-இல் திரும்பினார். பியர்ட்ஸ்லி இறப்பதற்கு முந்தைய ஆண்டு கத்தோலிக்கரானார், வைல்ட் மரணப் படுக்கையில். 'அ ரெபூர்' வந்தபோதே பார்பே தோரெவில்லி என்ற மூத்த எழுத்தாளர் சொன்னார்: இதை எழுதியவருக்கு இனித் துப்பாக்கி முனை அல்லது சிலுவையின் அடி, இரண்டில் ஒன்றுதான் மிச்சம். உய்ஸ்மான்ஸ் பின்னாளில் இதை நினைவுகூர்ந்து, தேர்ந்தெடுத்தாயிற்று என்று பதில் எழுதினார்.

எனக்கு இது முரணாகத் தெரியவில்லை. பாவம் என்று ஒன்று இருப்பதாக நம்புபவனுக்குத்தான் பாவத்தில் அவ்வளவு சுவை இருக்கும். தூபம், பொன்வேலைப்பாடு, லத்தீன், மெழுகுவத்தி எல்லாம் அவர்களுக்கு முன்பே பிடித்தவைதான்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

'அ ரெபூர்' நாவலின் ஆமை அத்தியாயத்தை மட்டும் முதலில் படியுங்கள். ஒரு மணி நேரம் ஆகாது. பிடித்தால் முழுதும் படிக்கலாம். பிடிக்காவிட்டால் உங்களுக்கும் இந்தப் போக்குக்கும் ஒத்துவராது, அதில் தவறொன்றும் இல்லை. பிறகு போதலேர், ஒரே மூச்சில் அல்லாமல் நாளைக்கு இரண்டு கவிதைகளாக. வைல்டின் 'சலோமே'யைப் பியர்ட்ஸ்லியின் படங்களோடு இருக்கும் பதிப்பில் பாருங்கள். படமில்லாத பதிப்பு பாதி நாடகம்தான். ரஷீல்தை உய்ஸ்மான்ஸுக்கு அடுத்துப் படித்தால் இருவருமே கூடுதலாகப் புரிவார்கள். ஆங்கிலக் கவிஞர் எர்னெஸ்ட் டவ்சனின் கவிதைகளைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் தெரியாதவர்களுக்கும் அவருடைய ஒரு வரித்துண்டு தெரியும்: 'கான் வித் த விண்ட்' நாவலின் தலைப்பு அவருடைய கவிதையிலிருந்து எடுத்தது.